மாடல் ரயில் எஞ்சின் கிட்: கியர்பாக்ஸ் எங்கே பிடிக்கிறது?

கிட் வாங்கிக் கட்டிய எஞ்சின் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், தண்டவாளத்தில் திக்கித் திணறி ஓடினால் அதற்கு அலமாரிதான் கதி. உடனே எல்லோரும் மோட்டாரைத் திட்டுவார்கள். பாவம் மோட்டார். கோளாறு பெரும்பாலும் வேறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கோணலாக மடிந்த கியர்பாக்ஸ் பெட்டி, வார்முக்கும் (மோட்டார் ஷாஃப்ட்டில் ஏறும் திருகு வடிவப் பல்) பல்சக்கரத்துக்கும் நடுவே தவறிய இடைவெளி, அல்லது சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடு. எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால், கையால் சுற்றும்போது லேசாகச் சுழலாத எதையும் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முதலில் விகிதம். வழக்கமான ஒற்றைப் புரி வார்ம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். ஆக 40 பல் என்றால் 40:1. 1:76 அளவில் 20 மி.மீ. விட்டமுள்ள ஓட்டுச் சக்கரமும், சுமையோடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும் மோட்டாரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40:1 போட்டால் சக்கரம் 300 சுற்று சுற்றும். நிஜ எஞ்சின் கணக்கில் மணிக்கு சுமார் 86 கி.மீ. அதே மோட்டாருக்கு 60:1 என்றால் 57 கி.மீ. யார்டில் பெட்டி தள்ளும் எஞ்சினுக்கு அதுவே தாராளம். 30:1 போட்டால் 115 கி.மீ. வரும், ஆனால் மெதுவோட்டம் கெடும். மோட்டார் விவரத்தாளில் இருப்பது பொதுவாகச் சுமையில்லாத வேகம். அதை அப்படியே கணக்கில் போட்டால் எஞ்சின் நீங்கள் நினைத்ததைவிட மெதுவாகத்தான் ஓடும்.

பல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, இடம் இடிக்கும். 0.4 மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 40 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் 16.8 மி.மீ. அதை 20 மி.மீ. ஓட்டுச் சக்கரத்தின் ஆக்சிலில் மாட்டினால் தண்டவாளத்துக்கு மேலே மிஞ்சுவது 1.6 மி.மீ. மட்டும். பெட்டியின் அடிப்பக்கமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் தடம் பிரியும் இடங்களில் உரசும். இந்தச் சிக்கலுக்காகத்தான் இரண்டு கட்டக் கியர்பாக்ஸ் செய்கிறார்கள்: வார்ம் ஒரு கட்டம், சாதாரணப் பல்சக்கர ஜோடி அடுத்த கட்டம். ஆக்சிலில் சிறிய சக்கரம் போதும், மோட்டாரையும் எஞ்சினுக்குள் மறைவாக வைக்கலாம். சிறிய எஞ்சின்களுக்கு என் ஓட்டு இதற்கே. வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இனி பெட்டி. அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளை அல்லது நிக்கல் சில்வர் தகடு தட்டையாக வரும். பாதி ஆழம் அரித்த கோட்டில் மடிக்க வேண்டும். கோடு மடிப்பின் உள்பக்கம் இருக்க வேண்டும். கோட்டின் பள்ளத்தில் உலோகம் சற்று அதிகமாக மிஞ்சியிருந்தால் மடிப்பு 90 பாகைக்கு வராமல் நின்றுவிடும். பலவந்தமாக அழுத்தினால் கோட்டை ஒட்டிய இடம் வளையும். கூர்முனை ஊசியால் பள்ளத்தை நான்கைந்து தடவை இழுத்து, தகட்டின் மறுபுறம் மெல்லிய கோடு தெரியும்வரை ஆழமாக்குங்கள். அதற்குப் பிறகு விரலாலேயே மடியும்.

பேரிங் ஓட்டைகளை வேண்டுமென்றே சிறிதாகத்தான் அரித்திருப்பார்கள். முனை சிறுத்த ரீமரால் (ஓட்டையைச் சுரண்டி விரிக்கும் கருவி) பெரிதாக்கும்போது ஒரே பக்கமிருந்து சுற்றினால் ஓட்டை கூம்பாகிவிடும், பேரிங் சாய்ந்து உட்காரும். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிச் சுற்றி, பேரிங் விரல் அழுத்தத்தில் நுழைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பற்றவைக்கும் வரிசையும் முக்கியம். பெட்டியை மடித்து, பேரிங்குகளைச் செருகி, ஆக்சிலின் விட்டமே உள்ள நேரான 3.175 மி.மீ. எஃகுக் கம்பி ஒன்றை எண்ணெய் தடவி இரண்டுக்கும் குறுக்கே விடுங்கள். எண்ணெய் இருந்தால் கம்பியில் சால்டர் (பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவை) ஒட்டாது. மடிப்பு மூலைகளில் முதலில் ஒவ்வொரு புள்ளி மட்டும் 188 பாகை செல்சியஸில் உருகும் சால்டர். கம்பி தடையில்லாமல் சுழன்றால் மூலை நெடுக சால்டரை ஓடவிடுங்கள். அரித்து மெலிந்த மடிப்புக்கு அதுதான் பலம். பிறகு பேரிங்குகளுக்கு 145 பாகை செல்சியஸில் உருகும் சால்டர். அதைவிட அதிகச் சூட்டில் உருகும் சால்டரால் முதலில் மூட்டியதால் மடிப்புகள் அசையாது. கடைசியாக 3.175 மி.மீ. நேர் ரீமரை இரண்டு பேரிங்கிலும் ஒரே நேர்கோட்டில் ஓட்டினால், பெட்டியைச் சாய்த்தவுடன் ஆக்சில் தானாக வழுக்கி வர வேண்டும். பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் திரவம்) பயன்படுத்தியிருந்தால் கியர் மாட்டுவதற்கு முன்பே சமையல் சோடா கலந்த வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள். சோம்பல்பட்டால் எஃகு ஆக்சில் துருப்பிடிக்கும். அரம் போடும் வேலையெல்லாம் மோட்டார் மேசைக்கு வருவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். உலோகத்தூளில் இரும்பு கலந்திருந்தால் காந்தம் விடாது.

பல்சக்கரத்தை ஆக்சிலில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) பிடிக்கும். ஸ்க்ரூ அழுந்தும் இடத்தில் ஆக்சிலில் பிசிறு எழும்பும். பிறகு ஆக்சிலை உருவினால் அந்தப் பிசிறு பேரிங்கைக் கீறிக்கொண்டே வரும். அந்த இடத்தில் முன்கூட்டியே சிறிய தட்டைமுகம் அரம் போட்டு வைப்பது நல்லது.

வார்மை மோட்டார் ஷாஃப்ட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது. ஷாஃப்ட்டின் பின்முனை வெளியே தெரிந்தால், அந்த முனைக்கு முட்டுக்கொடுத்து வைஸில் மெதுவாக அழுத்துங்கள். அப்போது மோட்டாரின் உள்பாகங்களுக்கு அடி விழாது. வழுக்கலாக நுழையும் வார்ம் என்றால் லாக்டைட் 603 போன்ற ரீடெய்னர் பசை (ஷாஃப்ட்டில் பாகங்களை இறுகப் பிடிக்கும் பசை). ஷாஃப்ட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கீழ்நோக்கிப் பிடித்து, பல்குத்தியால் ஒரு துளியை முனையில் மட்டும் வையுங்கள். ஷாஃப்ட் மேல்நோக்கி இருந்தால் பசை வழிந்து மோட்டார் பேரிங்குக்குள் போகும், மோட்டார் அன்றோடு சரி.

மோட்டாரைப் பெட்டியோடு பிடிக்கும் ஸ்க்ரூவையும் கவனியுங்கள். பெட்டித் தகட்டின் தடிமனும் மோட்டார் முகத்தகட்டின் தடிமனும் சேர்ந்ததுதான் அதன் நீளம். அரை மி.மீ. கூடினாலும் உள்ளே சுருள்கம்பியைத் தொடலாம். சந்தேகமாக இருந்தால் வாஷர் போட்டுக் குறையுங்கள்.

இனி இடைவெளி. ஸ்க்ரூ ஓட்டை நீளவாக்கில் இருந்தால், மெல்லிய காகித நாடா ஒன்றை வார்முக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து, மோட்டாரை நெருக்கி, ஸ்க்ரூவை முடுக்கி, காகிதத்தை உருவிவிடுங்கள். ஓட்டை நிலையாக இருந்தால், மோட்டாரின் முன்வளையம் உட்காரும் துளையையும் ஸ்க்ரூ ஓட்டைகளையும் உருண்டை அரத்தால் தேவையான திசையில் துளித்துளியாக விரிவாக்க வேண்டும். வார்மை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலைத் திருகினால் விரலுக்குத் தெரியும்படி துளி ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாத கியர் சூடாகித் தேயும்.

எப்படிப் பிடிக்கிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் ஒரே சீராக இறுக்கம் என்றால் இடைவெளி போதவில்லை. ஆக்சிலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பிடித்தால் பல்சக்கரம் மையத்தில் இல்லை; கிரப் ஸ்க்ரூ அதை ஒருபக்கம் தள்ளியிருக்கலாம். மோட்டாரின் ஒவ்வொரு சுற்றுக்கும் துடித்தால் வார்ம் கோணலாக ஏறியிருக்கிறது, அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. முன்னே அமைதியாக ஓடி, பின்னே மட்டும் உறுமினால் ஷாஃப்ட் முன்பின்னாக நகர்கிறது. வார்முக்கும் மோட்டார் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய வாஷர் போட்டு நகர்வை 0.1 மி.மீ. அளவுக்குக் குறையுங்கள். முழுக்க அடைத்தால் அதுவே இன்னொரு பிடிப்பாகிவிடும்.

கியர்பாக்ஸைச் சேசிஸில் (எஞ்சினின் அடிச்சட்டம்) ஏற்றும்போது பலர் மோட்டாரின் பின்பக்கத்தையும் அழுத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். ஆக்சில் ஏற்கெனவே சேசிஸ் பேரிங், பெட்டி பேரிங் என்று நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரையும் பூட்டினால் ஒன்றை ஒன்று இழுக்கும். பெட்டி ஆக்சிலைச் சுற்றிப் புரளாமல் தடுத்தால் போதும், மற்றபடி மிதக்க விடுங்கள். வளைத்த கம்பிக் கொக்கி ஒன்று சற்றுத் தளர்வாகச் செருகியிருந்தாலே வேலை முடிந்தது.

கப்ளிங் ராடு கடைசி. மோட்டார் மாட்டாமல், சக்கரங்களும் ராடும் மட்டும் உள்ள சேசிஸை லேசாகச் சாய்த்த கண்ணாடிமேல் விட்டுப் பாருங்கள். தானாக உருள வேண்டும். ஒரு பக்க ராடு மட்டும் மாட்டியபோதே நின்றால் ராடு ஓட்டைகளின் தூரம் ஆக்சில்களின் தூரத்தோடு பொருந்தவில்லை. இரண்டு பக்கமும் மாட்டிய பிறகுதான் நிற்கிறது என்றால், எல்லாச் சக்கர ஜோடிகளிலும் கிராங்க் கோணம் (இடது, வலது சக்கரங்களில் ராடு மாட்டும் முனைகளுக்கு இடையிலான கோணம்) ஒரேபோல இல்லை. கோணம் 90-லிருந்து ஒரு பாகை விலகினால்கூடப் பரவாயில்லை, எல்லா ஜோடியிலும் அதே விலகல் இருக்க வேண்டும். ராடு ஓட்டையைப் பெரிதாக்கி இதைச் சரிக்கட்டுவது சுலபமாகத் தெரியும். 0.1 மி.மீ.க்கு மேல் போனால் எஞ்சின் நொண்டும்.

பிறகு 6 வோல்ட்டில் அரைமணி முன்னோக்கி, அரைமணி பின்னோக்கி ஓடவிடுங்கள். கூடவே மின்னோட்டத்தை அளந்து வாருங்கள். நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். ஏறினால் உடனே நிறுத்துங்கள். பிடிக்கும் இடம் ஓடி ஓடித் தேய்ந்து சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் பல நல்ல பித்தளைச் சக்கரங்கள் வீணாகியிருக்கின்றன. பேரிங்குக்கு ஊசிமுனையில் ஒரு துளி எண்ணெய், பல்லுக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் கொஞ்சம். மோட்டாரின் பிரஷ் இருக்கும் பின்முனை பேரிங்குக்கு எண்ணெய் விட்டால் அது கம்யூட்டேட்டரில் (மின்சாரம் கடத்தும் அந்த பிரஷ் உரச, சுழலும் பகுதி) படிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து கருப்புப் பசையாகி மோட்டாரை விக்க வைக்கும். அங்கே அந்தத் துளியில் பாதிகூட அதிகம்.