வாயை மூடிய புலி

ஒரு புலி வரைந்து தாருங்கள் என்று யார் கேட்டாலும், கூடவே 'உறுமுற மாதிரி' என்றும் சொல்லிவிடுகிறார்கள். கும்பகோணம் பக்கம் பள்ளிச் சுவர், கபடிக் குழு பேனர், கடை ஷட்டர், எங்கே பார்த்தாலும் அதே கோரைப்பல், அதே சிவந்த கண். சோழர் கொடியில் புலி பறந்த மண், அந்த ஆசை புரிகிறது. ஆனால் காட்டில் புலி பெரும்பாலும் படுத்துக் கிடக்கும், இல்லையென்றால் சத்தமே இல்லாமல் நடந்து போகும். அந்தப் புலியை வரைவதுதான் எனக்குப் பிடிக்கும், கஷ்டமும் அதில்தான்.

முதலில் கண். வெயிலில் வீட்டுப் பூனையின் கண்மணி செங்குத்துக் கோடாகச் சுருங்கும், புலிக்கும் சிறுத்தைக்கும் வட்டமாகவே சுருங்கும். கோடு போட்டீர்களா, என்னதான் வரி போட்டாலும் அது பூனைதான். அப்புறம் அந்த வரிகள். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு வராது, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் தானியங்கி கேமராவில் விழும் படங்களிலிருந்து இது எந்தப் புலி என்று பிரித்துச் சொல்வதே இதை வைத்துத்தான். அதனால் இஷ்டத்துக்கு வரி இழுக்காதீர்கள், ஒரு புலியின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் புலியையே வரையுங்கள்.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறைக்குள் ஒரு சிறுத்தை வந்துவிட்டதே, பள்ளிகளுக்கு லீவு கூட விட்டார்களே, அதற்கப்புறம் என்னிடம் ஓவியம் கற்க வரும் பிள்ளைகளுக்குச் சிறுத்தை மேல்தான் கண். மஞ்சளைப் பூசிவிட்டுக் கறுப்புப் புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள். நிறுத்தச் சொல்லி ஒரே ஒரு புள்ளியைப் பெரிதாகப் போட்டுக் காட்டுவேன். விலாவில் இருப்பது முழுப் புள்ளி கிடையாது, நாலைந்து கறுப்புத் திட்டுகள் சேர்ந்து நிற்கும் உடைந்த வளையம், அதன் உள்பக்க மஞ்சள் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. தலையிலும் காலிலும் மட்டும் நிரம்பிய புள்ளி. வளையத்துக்குள்ளே குட்டிப் புள்ளிகள் வைத்தால் அது அமெரிக்கக் கண்டத்து ஜாகுவார் ஆகிவிடும், கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இழுத்தால் சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. தோள் வளையும் இடத்தில் வளையங்களும் ஒடுங்கி நீள வேண்டும், அப்போதுதான் தோலுக்கு அடியில் எலும்பும் சதையும் இருப்பது தெரியும்.

பள்ளிச் சுவருக்குப் படம் போடும் நண்பர்களே, ஒரு சுவரிலாவது புலியின் வாயை மூடி வரைந்து பாருங்கள்.