ஃபைல் யார் கையில்?

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும் நாளன்று, ஆஸ்பத்திரியின் பகல்நேரப் பிரிவு வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், யாருடைய ஃபைல் யார் கையில் இருக்கிறதென்று தெரிந்துவிடும். 5 வயதுக் குழந்தையின் ஃபைல் அம்மாவிடம். 60 வயதுக்காரருடையது மகனிடமோ மருமகளிடமோ. 17 வயதுப் பையனுடையதும் அம்மாவிடம்தான். ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள், சோற்றுப் பாத்திரத்துக்கும் தண்ணீர்க் குப்பிக்கும் நடுவில். பையன் இரண்டடி தள்ளி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வேறு யாருக்கோ துணைக்கு வந்தவன் மாதிரி நிற்பான். டாக்டர் அம்மாவிடம் பேசுவார், அம்மா தலையாட்டுவார். மாத்திரை விழுங்க வேண்டியவன் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. இந்தப் பதின்ம வயதில் புற்றுச் சிகிச்சை எங்கே பிசகுகிறதென்று தேடிப்போனால், பாதி நேரம் அந்த இரண்டடியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டு 12 வயதோடு முடிந்துவிடும். 13 ஆனதும் பெரியவர்கள் வார்டு; பக்கத்துக் கட்டிலில் வாய்ப்புற்று வந்த தாத்தா. மனவருத்தம் ஒருபுறம் இருக்கட்டும், வார்டு மாறும்போது மருந்துமுறையும் மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 2001 வரை ஏ.எல்.எல். என்ற வகை ரத்தப்புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 16 முதல் 20 வயதுக்காரர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கான மருந்துமுறையில் போனவர்களில் 63 சதவீதம் பேர் 7 வருடத்துக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். பெரியவர்கள் முறையில் போனவர்களில் 34 சதவீதம்தான். ஆகவே ஏ.எல்.எல். என்று ரிசல்ட் வந்தால் குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இவனுக்குக் குழந்தைகள் முறையா, பெரியவங்க முறையா?"

எலும்புப் புற்றைக் கண்டுபிடிப்பது இன்னொரு வழியில் பிந்துகிறது. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிப்பையன் கால்பந்து ஆடாமல் இருப்பது அபூர்வம். முட்டு வலித்தால் "பந்துல இடி பட்டது" என்று விஷயம் முடிந்துவிடும். அடுத்து ஆசான், முறிவெண்ணெய், கட்டு. வர்ம ஆசான்களுக்கு இங்கே இருக்கிற மரியாதை சும்மா வந்ததல்ல. சுளுக்குக்கும் பிசகுக்கும் அவர்கள் கை நல்ல கைதான். ஆனால் ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, ஓய்வெடுத்தும் 2, 3 வாரத்தில் தணியாத வலி, முட்டுக்கு மேலோ கீழோ கட்டியாகத் தட்டுப்படும் வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் தடவுவதை நிறுத்திவிட்டு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். அதில் சந்தேகம் வந்தால், அறுவை செய்யப்போகும் எலும்புப்புற்று மருத்துவர்தான் பயாப்ஸியும் (கட்டியில் துளி எடுத்துச் சோதிப்பது) திட்டமிட வேண்டும். ஊசி போன பாதையில் புற்றணு தங்கியிருக்கலாம் என்பதால் பிறகு அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டியெடுப்பார்கள். அவசரப்பட்டு எங்கோ குறுக்கே கீறி எடுத்த பயாப்ஸியால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்க வேண்டி வரலாம்.

இங்கே எல்லாக் குடும்பமும் கேட்கும் இன்னொரு கேள்வி, "மணவாளக்குறிச்சி மண்ணாலயா?" அந்தக் கறுப்பு மணலில் மோனசைட் என்ற கதிர்வீசும் தாது இருக்கிறது, கதிர்வீச்சும் உண்மை. அதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் வட்டார புற்றுநோய் மையம் பல வருடம் கணக்கெடுத்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. மணல் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்று கூடியதாக அதில் தெரியவில்லை. கடலோரத்தில் வீடு கட்டியதற்காக ஒரு தகப்பன் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

முதல் கீமோவுக்கு முன் ஒரு பத்து நிமிடம் அம்மா அப்பாவை வெளியே உட்கார வைக்க வேண்டும். பையன்களிடம் விதைப்பையில் வீக்கமோ கட்டியோ உண்டா என்று அப்போதுதான் கேட்க முடியும். வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கட்டியில் ஊசி குத்திப் பார்ப்பதில்லை, ஸ்கேனும் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையும் செய்து, அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பு வழியாக அந்த விதையை எடுப்பார்கள். நேரத்தோடு வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகும் புற்று அது.

அந்தப் பத்து நிமிடத்திலேயே விந்து சேமிப்பையும் பேசிவிட வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு, ஐஃபாஸ்பமைடு மாதிரி மருந்துகள் பின்னாளில் குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம். மாதிரியை முதல் டோஸுக்கு முன்பே எடுக்க வேண்டும். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2, 3 நாள் இடைவெளி விட்டு எடுப்பது வழக்கம். நோய் அவ்வளவு நாள் தராவிட்டால் ஒரு நாள் இடைவெளியில் எடுத்ததும் வீணல்ல. ஆய்வகத்திலேயே எடுத்துக் கொடுப்பது நல்லது. வெளியே எடுத்தால் குப்பியை உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் கெட்டது. பெண் பிள்ளைகளுக்குக் கருமுட்டை எடுக்க 10 முதல் 14 நாள் ஊசி போட வேண்டும், ரத்தப்புற்றில் பெரும்பாலும் அந்த அவகாசம் இருக்காது. அவர்களிடம் தவறாமல் கேட்க வேண்டியது அடுத்த மாதவிலக்குத் தேதி. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இறங்கும் வாரமும் அதுவும் ஒன்றாக வந்தால் ரத்தம் நிற்காது. தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது, முன்கூட்டியே எழுதச் சொல்லலாம்.

ஏ.எல்.எல். சிகிச்சையின் கடைசி இரண்டு வருடம் வீட்டு மாத்திரை. சிகிச்சை தரும் நாங்கள் அதிகம் பயப்படுவது டிரிப் ஏறும் நாட்களைவிட இந்தச் சாந்தமான இரண்டு வருடத்துக்குத்தான். ஒரு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். மெர்காப்டோப்யூரின் 50 மி.கி. மாத்திரை, தினம் ஒன்றரை. மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மி.கி. மாத்திரை 12, வாரம் ஒருநாள், ஒரே வேளையில். பன்னிரண்டு மாத்திரையை உள்ளங்கையில் பார்த்ததும் வீட்டில் பயம் வரும். "பிரிச்சுக் குடுத்தா தாங்கும்" என்று நாளைக்கு இரண்டாக ஆறு நாளுக்குப் பிரித்துவிடுவார்கள். அது விஷம். வாரம் ஒருமுறை கொடுத்தால் நடுவில் உடம்பு தேறிக்கொள்ளும். தினமும் போனால் வாய் வெந்து, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். இன்னொரு கோளாறு மருந்துக்கடையில் நடக்கும். 2.5 இல்லையென்று 10 மி.கி. அட்டையைக் கொடுப்பார்கள், பையன் பழக்கத்தில் 12 எண்ணுவான், 30 மி.கி. போக வேண்டிய இடத்தில் 120 போகும். சீட்டில் மாத்திரை எண்ணிக்கை, மொத்த மி.கி., கிழமையின் பெயர், மூன்றையும் எழுத வேண்டும்.

விட்டுப்போகும் மாத்திரைக்கும் கணக்கு உண்டு. தின்ன வேண்டிய மெர்காப்டோப்யூரினில் 95 சதவீதத்துக்குக் கீழே உள்ளே போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாதத்தில் 2 நாள் விட்டாலே 93 சதவீதம். "மாத்திர ஒழுங்கா தின்னியா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "மக்ளே, இந்த மாசம் எத்தன விட்டுப்போச்சு?" என்று கேட்டால் எண்ணிக்கை வரும். அப்போதும் ஃபைலில் உள்ள கவுண்ட்டை, அதாவது ரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு 500-க்கும் 1500-க்கும் இடையில் இருக்கப் பார்ப்போம். அது தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் ஒன்று டோஸ் போதவில்லை, இல்லையேல் மாத்திரை வாய்க்குள் போகவில்லை.

விளவங்கோடு பக்கம் காய்ச்சலைப் 'பனி' என்பார்கள். வெளியூரில் படித்துவிட்டுப் புதிதாக வந்த டாக்டரிடம் ஃபோனில் "பனி அடிக்குது" என்று சொன்னால், போர்த்திக்கொள்ளச் சொல்லிவிடுவார். அதனால் எண்ணைச் சொல்லப் பழக்குகிறோம்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். அதைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கீமோ முடிந்து 7 முதல் 14 நாள் வரை வெள்ளணு தரைதட்டும். அப்போது வரும் காய்ச்சலுக்கு, ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து ராத்திரி 11 மணிக்குத் திருவனந்தபுரம் கிளம்பினால் அதற்கு மேலான நேரம் வழியிலேயே போய்விடும். கிருமி பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, முதல் ஊசியைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் போட்டபிறகு வண்டி ஏறட்டும். இதற்காக ஃபைலின் முதல் தாளில் ஒரு கடிதம் இருக்க வேண்டும்: நோய், கடைசிக் கீமோ தேதி, எந்த ஆன்டிபயாட்டிக், தசையில் ஊசி வேண்டாம், ஆசனவாய் வழியாக மருந்தோ எனிமாவோ வேண்டாம். அதே தாள் பையனின் செல்ஃபோனிலும் படமாக இருக்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும் நேரத்தில் அம்மா கட்டைப்பையோடு பக்கத்தில் இருப்பார் என்பது என்ன நிச்சயம்?

வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து போகும் பிள்ளையின் காலைப் பார்க்க வேண்டும், சரியாகச் சொன்னால் செருப்பை. ரப்பர் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் கிடக்கும். அவன் நாலெட்டு போனபிறகுதான் திரும்பிப் பார்ப்பான். பாதத்தைத் தூக்கும் தசை தளர்கிறது என்பதற்கு அது முதல் அடையாளம். குதிகாலில் நடக்கச் சொன்னால் முடியாது. பின்வார் வைத்த செருப்பு, பிசியோதெரபி, டாக்டர் காதில் ஒரு வார்த்தை. பூஞ்சைக்கு இட்ராகோனசோல், வோரிகோனசோல் எதுவும் சேர்ந்து போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அவை வின்கிரிஸ்டினை உடம்பில் தங்க வைத்து நரம்புச் சேதத்தைக் கூட்டும். மலச்சிக்கலும் வரக்கூடும், வயிறு கட்டியபிறகு தேடாமல் முதல் நாளிலிருந்தே மருந்து. விரலும் மரத்துப்போவதால் எழுத்து கோணும். பிளஸ் டூ எழுதுகிறவனென்றால் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்கும் விண்ணப்பத்தை மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மார்ச்சில் ஓடினால் நடக்காது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சூடான கஞ்சி, நன்றாக வெந்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும், தோலுரித்துத் தின்னும் மட்டிப்பழம், எல்லாம் தரலாம். காய்ச்சாத அக்கானியும் (பதநீர்), பச்சையாய் அரைத்த இலைச்சாறும் கவுண்ட் குறைந்த வாரத்தில் வேண்டாம். மருந்து ஏற்ற நரம்புக்குள் விட்டிருக்கும் பிக் லைன் குழாய் கையில் இருக்கும்வரை கடலிலும் குளத்திலும் இறங்கக் கூடாது. கடற்கரைப் பையன்களுக்குக் கீமோவைவிட இதுதான் பெரிய தண்டனை. லைன் வைக்குமுன்பே சொல்லிவிட்டால், தோலுக்கடியில் வைக்கும் போர்ட் ஆகுமா என்று கேட்கவாவது வாய்ப்பிருக்கும். போர்ட் என்றால் காயம் நன்றாக ஆறியபின் குளிக்கலாம்.

சிகிச்சை முடியும் நாளில் ஃபைல் மூன்று கிலோ இருக்கும். அதிலிருந்து ஒரு தாள் தயாரித்து அவன் கையிலேயே கொடுக்கிறோம். நோயின் பெயர், தொடங்கிய முடிந்த தேதிகள், ஒவ்வொரு மருந்தும் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது, கதிர்வீச்சு எந்த இடத்தில் எத்தனை கிரே (அதன் அளவு). டாக்ஸோரூபிசின், சிறுநீர் சிவக்கிறதே அந்தச் சிவப்பு மருந்து, வாழ்நாள் மொத்தத்துக்கு எல்லை உள்ளது. உடம்பின் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி. தாண்டினால் இதயம் தளரும் ஆபத்து வேகமாக ஏறுகிறது. அதனால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்) என்பதும் அதில் இருக்கும். இந்தப் பிள்ளைகள் இங்கேயே இருக்கப்போவதில்லை. வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ போவார்கள். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் பழைய நோயைக் கேட்பார்கள், இருபது வருடம் கழித்து மூச்சு வாங்கினால் அந்த ஊர் டாக்டரும் கேட்பார். தாளை லேமினேட் செய்து பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல்கிறோம். அம்மா கை நீட்டத்தான் செய்வார். பையனிடமே கொடுத்து, மருந்தின் பெயரையும் மொத்த மி.கிராமையும் ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறோம்.