இடுப்பும் 36, சீட்டும் 36

பாளையங்கோட்டையில் பேண்ட் தைக்கிறவனுக்குப் பெரிய தலைவலி, இடுப்பும் சீட்டும் (பின்பக்கச் சுற்றளவு) ஒரே அளவில் வருகிற ஆட்கள்தான். கை கால் ஒல்லி, தோள் ஒடுக்கம், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். டேப்பை வைத்தால் இடுப்பு 36, சீட்டும் 36. பேண்ட் எதைப் பிடித்து நிற்கும்? எடை மிஷினில் ஏறினால் அறுபது சொச்சம் கிலோதான் காட்டும், அதனால் ஆள் நிம்மதியாக இருப்பார். “வம்ச வாகு அண்ணாச்சி, தாத்தாவுக்கும் இதே தொந்திதான்” என்பார். எனக்கும் அதே வாகு என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

என் மகள் விலங்கியல் படிக்கிறாள். அவள் ஒரு படத்தைக் காட்டினாள். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! யாஜ்னிக் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்திருக்கிறது. சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. தசை குறைவு, வயிற்றுக்குள் உறுப்புகளும் சின்னவை. முதுகுத் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அப்படியானால் இந்த வாகு புரோட்டாக் கடைக்குப் போவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

எப்படி என்று கேட்டதற்கு அவள் எபிஜெனெடிக்ஸ் என்றாள். நான் புரிந்துகொண்டது என் மேஜையை வைத்துத்தான். துணி ஒன்றே, மேலே போடும் சாக் கோடு எங்கே வெட்டு, எங்கே விடு என்று சொல்கிறது. டி.என்.ஏ. எழுத்து மாறாது. அதன்மேல் மெத்தில் என்ற சின்ன ரசாயனக் குறி ஒட்டும். ஒட்டிய இடத்து மரபணு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வயிற்றுக் கொழுப்புக்கும் தொடைக் கொழுப்புக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். உடம்பின் மேல் கீழை வகுக்கிற ஹாக்ஸ் மரபணுக்களில் குறிகள் மட்டும் வேறு வேறு.

இந்தக் குறிகள் கருவிலேயே மாறலாம் என்பதற்கு நெதர்லாந்துப் பஞ்சத்தைச் சொல்கிறார்கள். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்தது. அந்தச் சமயத்தில் கருவானவர்களுக்கு, அறுபது வருடம் கழித்தும், பஞ்சத்துக்குத் தப்பிய கூடப்பிறந்தவர்களைவிட ஐ.ஜி.எஃப்.2 என்ற, வளர்ச்சியோடு தொடர்புள்ள மரபணுவில் மெத்தில் குறைவாக இருந்தது. பஞ்சத்தில் கருவிலிருந்த பையன்கள் வளர்ந்தபின் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கையில் பார்த்த கணக்கு இன்னும் விசேஷம். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால் பிள்ளைகளில் குண்டானவர்கள் அதிகம், கடைசி மாதங்களில் கிடந்திருந்தால் குறைவு.

எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டே அம்மாவைச் சுமந்தவள். பிள்ளை பெருத்தால் பேறு கஷ்டம் என்று வயிற்றைக் காயப்போடச் சொல்லும் காலம் அது. உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் பெண் வயசுக்கு வந்தபோது கொடுப்பார்கள், பெற்றபிறகு காயம் என்ற பிரசவ மருந்து கிண்டுவார்கள். நடுவில் சுமக்கிற பத்து மாதத்துக்குத்தான் கஞ்சி.

அதற்காக என் தொந்தியை ஆச்சி தலையில் கட்ட எனக்கு மனசில்லை. 2017இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த பெரிய ஆய்வு, பி.எம்.ஐ.யோடு சேர்ந்து காணப்படும் குறிகளில் பெரும்பாலானவை கொழுப்பு ஏறியதால் வந்தவை, கொழுப்பை ஏற்றியவை அல்ல என்கிறது. ஸ்வீடனில் ஆறு மாதம் உடற்பயிற்சி செய்த ஆண்களின் கொழுப்புத் திசுவில் குறிகள் மாறியிருந்தன. சாக் கோடுதானே, சிலது தட்டினால் போகும்.

அப்புறம் ஒன்று. பேண்ட் அளவும் வயிற்றளவும் ஒன்றல்ல. நம் ஆட்கள் தொந்திக்குக் கீழே பேண்ட்டை இறக்கிக் கட்டிக்கொண்டு “34தான்” என்பார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை இஞ்ச். பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. இதைக் கடையில் ஒருத்தரிடம் சொன்னேன். கோபித்துக்கொண்டு துணியை எடுத்துப் போய்விட்டார். இப்போது பழகின ஆட்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.