லேப் பிராக்டிகலில் ‘போர்ட் வரல’ என்றால்

மைக்ரோகன்ட்ரோலர் லேப் பிராக்டிகலில் புரோகிராம் தெரியாமல் தடுமாறுபவர்களைவிட, போர்டு கணினியில் தெரியாமல் நேரத்தை விடுபவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். “போர்ட் வரல சார்”, அதாவது போர்டோடு பேசும் சீரியல் போர்ட் கணினியில் தெரியவில்லை என்றதும் எல்லாரும் டிரைவரை நீக்கி மறுபடி போடுவார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு யுஎஸ்பியைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். பட்டியல் அசையவே இல்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல். சில சார்ஜிங் கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போர்டில் லைட் எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். அனுமதித்தால் சொந்தக் கேபிளே கொண்டுபோங்கள்.

மஞ்சள் முக்கோணத்தோடு பெயர் வந்தால் டிரைவர் பக்கம் போகலாம். யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப் எது என்று யூகிக்க வேண்டாம், பிராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடி இருக்கும். 1ஏ86, 7523 என்றால் சிஹெச்340. 10சி4, இஏ60 என்றால் சிபி2102. 067பி, 2303 வந்தால் பிஎல்2303. இதன் பழைய சிப்புகளைப் புதிய டிரைவர் ஏற்காமல் கோட் 10 என்ற பிழையைக் காட்டும். அதே புதிய டிரைவரை எத்தனை தடவை போட்டாலும் பயனில்லை.

உபுண்டுவில் சிஹெச்340க்கான டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே உண்டு. ஆனால் 22.04 பதிப்பில் ஒரு வேடிக்கை: பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, இந்த ஐடியைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். கெர்னல் லாகில் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட் வந்த கையோடு கழன்றுபோவதைப் பார்க்கலாம். பிரெய்ல் கருவி பயன்படுத்தாத கணினி என்றால் அந்தச் சேவையை நீக்கிவிடலாம், லேப் அசிஸ்டென்டிடம் கேட்டுவிட்டு. போர்ட் நிலையாக இருந்தும் ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால், பயனரைச் சீரியல் போர்ட்டுக்கு அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து லாக்அவுட் செய்து வர வேண்டும்.

அப்புறம் வைவா. தனி யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் வழியாகப் போர்டை இணைத்திருந்தால், கோளாறு அடாப்டரிலா போர்டிலா, எப்படிப் பிரிப்பாய் என்று கேட்கலாம். போர்டைக் கழற்றிவிட்டு, அடாப்டரின் டிஎக்ஸையும் (அனுப்பும் பின்) ஆர்எக்ஸையும் (வாங்கும் பின்) ஜம்பர் வயரால் இணைக்க வேண்டும். சீரியல் டெர்மினலில், அடிப்பதைத் தானே திரையில் காட்டும் லோக்கல் எக்கோவை அணைத்துவிட்டு அடித்த எழுத்து திரும்பி வந்தால் அடாப்டர் பெரும்பாலும் சரி. அடுத்து போர்டை மறுபடி இணைத்து, ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸுக்குக் குறுக்காகப் போயிருக்கிறதா, கிரவுண்டு இணைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகலாம். “அப்படியானால் பாட் ரேட்டும் (தகவல் போகும் வேகம்) சரிதானே?” என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சிப் என்பதால் 9600 வைத்தாலும் 115200 வைத்தாலும் எழுத்து திரும்பி வரும். போர்டின் வேகத்தைத் தனியாகத்தான் சரிபார்க்க வேண்டும்.