வந்த வாடிக்கையாளரைத் தக்கவைத்தல்

தனியாகத் தொழில் செய்பவர்களில் பலர், வாடிக்கையாளரைத் தக்கவைக்கக் கட்டணத்தைக் குறைப்பதே வழி என்று நம்புகிறார்கள். ஆனால் விலைக்காக வந்தவர், இன்னும் மலிவான ஆள் கிடைத்ததும் சொல்லாமலே போய்விடுவார்.

நான் கவனித்தவரையில், தாமதத்தைவிட அதைக் கடைசி நாள் வரை மறைப்பதே வாடிக்கையாளரை அதிகம் விரட்டுகிறது. வெள்ளிக்கிழமை தர வேண்டியது முடியாது என்று புதன்கிழமையே தெரிந்தால், "முதல் பகுதி தயார், மீதி திங்கள் காலை வரும்" என்று அன்றே இரண்டு வரி எழுதிவிட்டால், அவர் தம் மேலாளரிடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்காது. அந்த உதவியை அவர் எளிதில் மறப்பதில்லை.

"இதையும் சேர்த்துச் செய்துவிடுங்களேன்" என்று கேட்கும்போது, அது ஒப்பந்தத்தில் இல்லை என்பதையும் அதற்கான கூடுதல் தொகையையும், வேலையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். இன்வாய்ஸில்தான் அந்தத் தொகையை முதன்முதலாகப் பார்ப்பவர் பணத்தைக் கொடுத்துவிடுவார். அடுத்த வேலையைக் கொடுக்க மாட்டார்.

மூலக் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் தராமல் வாடிக்கையாளரைக் கட்டிப்போட நினைப்பவர்களும் உண்டு (எனக்கு அது மிரட்டலாகவே படுகிறது). நான் கணக்கு தீர்ந்ததும் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து, செய்துகொடுத்தது சரியாக இயங்குகிறதா என்று மட்டும் கேட்பேன். அடுத்தடுத்த வேலைகளில் பலவும் அந்தக் கேள்விக்கான பதிலோடுதான் வந்திருக்கின்றன.