கடைசிக் கழுவல் தண்ணீர்

நேற்று என் தீசிஸ் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. பாஸ். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. பூச்சிகளின் குடல் பாக்டீரியாவைத் தீசிஸாக எடுத்திருக்கும் ஜூனியர்களுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

என் பூச்சி மாம்பழ ஈ, பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புகளில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, மணலில் கூட்டுப்புழுவாக விட்டு, வெளிவந்த ஈக்களை அறுத்தேன். எக்ஸ்டர்னலின் முதல் கேள்வியே இதுதான்: "இந்த பாக்டீரியா குடலில் இருந்ததா, தோலில் ஒட்டியிருந்ததா?"

அறுக்கும் முன் ஈயின் தோலில் உள்ள கிருமியைப் போக்க 70 சத எத்தனால், ஹைப்போகுளோரைட், கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று கழுவல் என்று ஒப்பித்தேன். "அந்த மூன்றாவது தண்ணீரை அகாரில் பரப்பிப் பார்த்தீர்களா?" அகார் என்பது பாக்டீரியா வளர்க்கும் கூழ்த்தட்டு; தண்ணீரில் கிருமி மிச்சமிருந்தால் அதில் முளைக்கும். பார்த்திருந்தேன், முதல் இரண்டு பேட்ச்சுக்கு மட்டும். மீதி மூன்றில் சோம்பல். இருபது நிமிடம் அதிலேயே போனது. ஆசையாகப் பிரித்தெடுத்த கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் என்ற பாக்டீரியாக்களின் பட்டியலை யாரும் சீண்டவில்லை. அந்த மூன்று பேட்ச் முடிவுகளையும் நீக்கச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கடைசித் தண்ணீரில் 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் அந்த பேட்ச்சைத் தூக்கிப் போடுங்கள். போட்டோவும் எடுங்கள்.

என்னைக் காப்பாற்றியது பழச்சதை. தாய் ஈ முட்டையோடு பாக்டீரியாவையும் பழத்துக்குள் விடுகிறது. பழம் அழுக, புழு அதையே தின்கிறது. ஆக, குடலின் கதை பாதி பழத்தில் இருக்கிறது. நல்ல சதை, புழு விழுந்த சதை, புழு, ஈ நான்கையும் எடுத்திருந்தேன். ஒரு சீனியர் அக்கா அதட்டியதால்தான்.

அப்புறம் இவை:

- மெத்தில் யூஜினால் (ஆண் ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்) பொறியில் விழுந்ததை நம்பாதீர்கள். ஆண் மட்டுமே வரும், அதுவும் செத்துக் காய்ந்து.
- ஆலிவ் ஈ பற்றிய கேள்வி கட்டாயம் வரும். பச்சைக் காயில் உள்ள ஒலியூரோபீன் என்ற கசப்புப் பொருளைச் சமாளிக்க அதன் புழுவுக்கு எர்வினியா டாசிகோலா என்ற பாக்டீரியா வேண்டும். பழுத்துக் கறுத்த ஆலிவில் அது இல்லாமலும் வளரும். ஆய்வகத் தீனியில் வளர்ந்த ஈக்களில் அந்த பாக்டீரியா காணாமல் போகும்.
- மத்தியதரைக்கடல் பழ ஈயை மலடாக்கக் கதிர்வீச்சு கொடுத்தால் அதன் குடலில் கிளெப்சியெல்லா குறைந்து சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா கூடுகிறது. இதையும் கேட்டார்.
- அகாரில் வளராததும் குடலில் உண்டு. 16எஸ் வரிசைமுறைக்கு (மரபணுவைப் படித்து பாக்டீரியாவை அடையாளம் காணும் முறை) கொஞ்சம் குடலை ஒதுக்கி வையுங்கள்.

அறுப்பதை ராத்திரியில் தனியாகச் செய்யுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் பேச்சில் தட்டு எண் மாறும். எனக்கு மாறியது. மாக் வைவா (ஒத்திகைத் தேர்வு) வெட்டி வேலை. அதில் ஒருவரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த மூன்று பேட்ச் ஈக்களில் மிச்சம் இன்னும் ஃப்ரீசரில் இருக்கின்றன. திங்கட்கிழமை காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.