ஒன்பது சமித்து

போன தை மாசம் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சினோம். கணபதி ஹோமத்தோடு நவக்கிரக ஹோமமும் வேண்டும் என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். ஐயர் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியலில் நவதானியம், ஒன்பது துணி, நெய்க்கு நடுவே, ‘நவக்கிரக சமித்து, வகைக்கு 27’ என்று ஒரு வரி இருந்தது. சமித்து என்றால் ஹோமத் தீயில் இடுகிற குச்சி. பூஜை சாமான் கடையில் ஒன்பது கட்டாகச் சீட்டு ஒட்டி, பிளாஸ்டிக் பையில் தயாராக வைத்திருந்தார்கள். வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன்.

பிரித்துப் பார்த்தது அப்பாதான். 72 வயசு, அதில் முக்கால்வாசி வயலிலும் கொல்லையிலும் கழிந்தது. ஒரு குச்சியை ஒடித்தார், மோந்து பார்த்தார். இன்னொரு கட்டிலிருந்து ஒன்றை உருவி ஒடித்தார்.

“எருக்குன்னு போட்டிருக்கு, வன்னின்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே மரம்மா. எருக்கங்குச்சி காஞ்சா தக்கையா இருக்கும். வன்னின்னா முள்ளு வேணாமா?”

அறுகும் தர்ப்பையும் மட்டும் நிஜம். மற்ற ஏழு கட்டும் ஒரே சாம்பல் பட்டை, ஒரே குச்சி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹோமத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் அதற்கான மந்திரம், அதற்கான சமித்து. அக்னி வாங்கிக்கொண்டு போய் உரியவரிடம் சேர்க்கிறார் என்று நம்பித்தானே உட்காருகிறோம்? புதனைக் கூப்பிட்டுவிட்டு, பெயர் தெரியாத குச்சியையா கொடுப்பது? கடைக்காரர் மேல் கோபம் இருந்தது. ஆனால் பார்த்ததும் சொல்லத் தெரியாத என் மேல்தான் வருத்தம் அதிகம்.

ஹோமத்துக்கு இன்னும் 12 நாள் இருந்தது. “நாமே எடுத்துக்கலாம், வா” என்றார் அப்பா.

சூரியனுக்கு எருக்கு. ரயில்வே கேட்டைத் தாண்டினால் வெள்ளெருக்கு புதராக நிற்கும். பால் கண்ணில் பட்டுவிடும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி அவரே வெட்டினார். குருவுக்கு அரசு, குளக்கரையில். சுக்கிரனுக்கு அத்தி, பக்கத்து வீட்டுக் கிணற்றடியில். சந்திரனுக்குப் புரசு தேடித்தான் இரண்டு நாள் அலைந்தோம். சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம் இது. எங்கள் பக்கம் ஒரு பழைய சிவன் கோயில் நந்தவனத்தில் ஒன்றே ஒன்று நின்றது. மூன்று மூன்று இலையாக, பூ விடாத பருவத்தில். குருக்களிடம் கேட்டு, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, வேண்டிய அளவு மட்டும் எடுத்தோம். பொழுது சாய்ந்தால் அப்பா எந்தச் செடியிலும் கை வைக்க மாட்டார்.

புதனுக்கு நாயுருவி. இதை நான் தினமும் மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். வாய்க்கால் வரப்போரம், இடுப்பு உயரம், நுனியில் நீளக் கதிர். கதிரின் விதைகள் கீழ்நோக்கி மடிந்து, கூர்முனையோடு இருக்கும். உரசினால் துணியில் ஏறிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து புடவைக் கொசுவத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க அரை மணி ஆனது. தண்டைப் பிடித்து உருட்டினால் உருளாது, நான்கு பக்கமும் பட்டை தட்டும். இனி எந்தக் கடையிலும் நாயுருவி என்று சொல்லி என்னை ஏமாற்ற முடியாது.

சனிக்கு வன்னி, கோயில் மதிலோரத்து மரம். விஜயதசமியன்று சாமி அம்பு போடுவது இதில்தான். கிளை கழித்துப் போட்டிருந்ததிலிருந்து பொறுக்கினோம். செவ்வாய்க்குரிய கருங்காலிதான் அகப்படவே இல்லை. இந்தக் கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு, மரம் எங்கே நிற்கிறது என்று யாரும் வாய் திறப்பதில்லை. வடக்கே வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய்க்கு, கிழக்கே திருவெண்காடு புதனுக்கு, கீழப்பெரும்பள்ளம் கேதுவுக்கு என்று கிரகத் தலங்களுக்கு நடுவில் இருக்கிறோம், ஒரு கருங்காலிக் குச்சிக்கு வழியில்லை. கடைசியில் ஐயர்தான், “அதுக்கு அலையாதீங்கம்மா, நான் சேத்து வச்சிருக்கேன்” என்று பரணிலிருந்து 27 குச்சி கொண்டு வந்தார்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் வரும் நீளம். பட்டை உரியக் கூடாது, பிளவு கூடாது, பூச்சி அரித்திருக்கக் கூடாது. புது வீட்டு மொட்டை மாடியில் சாக்கு விரித்து அப்பா அளந்து அளந்து நறுக்கினார். நான் காயவைத்து, அந்தந்தக் கிரகத்தின் நிறத் துணியில் கிழித்த நாடாவால் கட்டினேன்.

அன்று விடியற்காலை கூடத்தில் நவக்கிரக மண்டலம் போட்டார்கள். நடுவில் சூரியனுக்கு வட்டம், அதில் கோதுமை. செவ்வாய்க்கு முக்கோணம், அதில் துவரை. ராகுவுக்கு முறம் வடிவம், அதில் உளுந்து. கேதுவுக்குக் கொடி, அதில் கொள்ளு. வீட்டில் புடைக்கிற முறத்துக்கு அங்கே ஓர் இடம் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

எருக்கு தீயில் விழுந்ததும் பொசுக்கென்று போய்விட்டது. கருங்காலி நின்று எரிந்தது. சனி மந்திரம் ஆரம்பித்ததும் அம்மாவின் முகம் மாறியது. ஏழரை நடக்கிறது, அந்தப் பேரைச் சொல்லவே பயப்படுவாள். ஐயர் அதைப் பார்த்துவிட்டு, வன்னிக் கட்டை அவள் கையில் கொடுத்து, “நீங்களே எடுத்துக் குடுங்கம்மா” என்றார். நுனியை நெய்யில் தோய்த்து ஒவ்வொன்றாக நீட்டினாள். கையில் குத்தாமலிருக்க அப்பா முன்னமே முள் ஓரங்களைத் தேய்த்து வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு குச்சிக்கு மேல் அவள் விரல் நடுங்கவில்லை.

அப்பா பின்னால் உட்கார்ந்து கோளறு பதிகத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைக்குக் கிளம்பிய சம்பந்தரை, கோள் நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது வேதாரண்யத்தில் பாடியது. அடியார்க்கு ஒன்பதும் நல்லவையே என்கிற பதிகம். ஐயரின் மந்திரமும் அப்பாவின் தமிழும் ஒன்றாகக் கேட்ட அந்தக் கால் மணி நேரத்துக்காகவே வீடு கட்டியதுபோல் இருந்தது எனக்கு.

கொல்லையில் இப்போது வன்னியும் அத்தியும் வைத்திருக்கிறோம். வெள்ளெருக்கு வேலியோரம் பிடித்துவிட்டது. புரசு விதை போட்டு இரண்டு முளைத்திருக்கின்றன. கருங்காலிக் கன்று மட்டும் கிடைக்கவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொள்கிறேன்.